தண்ணீருக்குள் ஒரே ஒரு புரத நார் வளர்வதை நேரில் பார்க்க முடியுமா?

நார்த்தேடி:

எல்லோருக்கும் வணக்கம். உயிர்வேதியியலில் பிஹெச்.டி., மூன்றாம் ஆண்டு. அமைலின் என்ற சிறு புரதத்தில் வேலை செய்கிறேன். கணையத்தில் இன்சுலினோடு சேர்ந்தே சுரக்கிற புரதம், மொத்தமே 37 அமினோ அமிலங்கள்தான். ஆனால் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ளவர்களின் கணையத்தில் இது நார் நாராகத் திரண்டு படிந்து கிடக்கிறது. அந்த நார் எப்படி வளர்கிறது என்பதுதான் என் தீசிஸ்.

இதுவரை செய்ததெல்லாம் ஒரே மாதிரி வேலை. குழாயில் வளரவிட வேண்டியது, அரை மணிக்கு ஒரு சொட்டு எடுக்க வேண்டியது, கிரிட் என்ற சிறு வலைத்தட்டில் வைத்து யுரேனைல் அசிடேட் சாயம் ஏற்றிக் காயவைத்து டிஇஎம்மில், அதாவது எலக்ட்ரான் நுண்ணோக்கியில், பார்க்க வேண்டியது. படங்கள் நன்றாகவே வந்திருக்கின்றன. போன வாரம் வருடாந்தர மதிப்பாய்வில், வெளியிலிருந்து வந்த பேராசிரியர் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "இந்தப் படத்தில் உள்ள நாரும் அடுத்த படத்தில் உள்ள நாரும் ஒன்றா?" இல்லை. ஒவ்வொன்றும் வேறு வேறு நார், அதுவும் காய்ந்துபோன நார். ஒரே நார் நீளுவதை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அன்று இரவு தூக்கம் வரவில்லை, கேள்வி அவ்வளவு நியாயமானது.

அதனால் கேட்கிறேன். எலக்ட்ரான் நுண்ணோக்கியிலேயே தண்ணீரோடு வைத்துப் பார்க்க வழி இருக்கிறதா? ஜப்பானில் கனசாவா பல்கலைக்கழகத்தில் அதிவேக ஏஎஃப்எம்மில் (ஊசியால் மேடு பள்ளம் படிக்கும் அணுவிசை நுண்ணோக்கி) எடுத்த, மயோசின் என்ற புரதம் நடக்கிற வீடியோவைப் பார்த்தேன். எங்கள் துறையில் இருப்பது சாதாரண ஏஎஃப்எம். அதோடு வந்த திரவக் கலம் பெட்டி பிரிக்காமலே இருக்கிறது. அதை வைத்து ஏதாவது செய்ய முடியுமா? அப்புறம் முக்கியமான சந்தேகம்: ஊசியால் தட்டித் தட்டித்தானே பார்க்கிறோம், அந்தத் தட்டலே நாரைக் கலைத்துவிடாதா?

---

உறைபனி:

முதல் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், மற்றதற்கு இங்கே ஆட்கள் இருக்கிறார்கள்.

எலக்ட்ரான் நுண்ணோக்கியின் உள்ளே வெற்றிடம். தண்ணீரை அப்படியே உள்ளே கொண்டுபோனால் ஆவியாகிவிடும். இதற்கு இரண்டு வழி கண்டார்கள். ஒன்று உறையவைப்பது. பனிக்கட்டிப் படிகம் உருவாக நேரமே கொடுக்காமல் திரவ ஈத்தேனில் சட்டென்று முக்கினால் தண்ணீர் கண்ணாடி போல ஆகிவிடும். டுபோஷே இதைச் செய்து காட்டியவர், 2017 வேதியியல் நோபல் அவருக்கும் ஃபிராங்குக்கும் ஹெண்டர்சனுக்கும் சேர்த்துக் கிடைத்தது. என் தினசரி வேலையே இதுதான். புரதத்தின் உருவத்தை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் நுண்ணோக்கி வேறு இல்லை என்று தைரியமாகச் சொல்வேன். ஆனால் நீங்கள் கேட்பது உருவம் இல்லை, ஒரே நாரின் கதை. உறையவைத்த கணத்தோடு அந்த நாரின் கதை முடிந்தது. லட்சம் துகள்களை எடுத்து வகை பிரித்து "இந்த நிலைக்குப் பின் இந்த நிலை வந்திருக்கும்" என்று வரிசைப்படுத்தலாம், வரிசையை அனுமானிப்பது நாம்தான்.

இன்னொரு வழி, தண்ணீரை இரண்டு மெல்லிய சன்னல்களுக்கு நடுவே அடைத்து உள்ளே அனுப்புவது. சிலிக்கான் நைட்ரைடு சன்னல் வைப்பார்கள். 2012-இல் பெர்க்லியில் கிராஃபீன் இரண்டு ஏட்டுக்கு நடுவே திரவத்தைப் பொதிந்து, பிளாட்டினம் நுண்படிகங்கள் வளர்வதைப் படம் பிடித்தார்கள். பிளாட்டினம் கனமான அணு, பளிச்சென்று தெரியும். புரதம் கார்பன், நைட்ரஜன், ஆக்ஸிஜன். சுற்றி இருக்கிற தண்ணீரிலிருந்து பிரித்துக் காட்டவே எலக்ட்ரானை நிறையப் பாய்ச்ச வேண்டும். பாய்ச்சினால் தண்ணீரே பிளந்து ஹைட்ராக்சில் ரேடிக்கல்கள் கிளம்பும், அவை புரதத்தைத் தாக்கும். நீங்கள் பார்ப்பது வளர்ச்சியா சேதமா என்று உங்களுக்கே தெரியாது. முயற்சி செய்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் மூன்றாம் ஆண்டில் இருக்கிற மாணவிக்கு இந்தப் பக்கம் கை காட்ட எனக்கு மனசு வரவில்லை.

ஒளி நுண்ணோக்கியையும் சொல்லிவிடுகிறேன். நாரில் ஒட்டினால் ஒளிரும் தயோஃப்ளேவின் டி சாயம் போட்டு, கண்ணாடியை ஒட்டிய மெல்லிய அடுக்கை மட்டும் ஒளியூட்டும் டிஐஆர்எஃப் முறையில் ஒசாகா குழு 2003-இலேயே ஒற்றை அமைலாய்டு நார் (உங்களுடையது போலத் திரளும் புரத நார்) நீளுவதைக் காட்டியிருக்கிறது. தொடவே வேண்டாம், அது பெரிய வசதி. ஆனால் 200 நானோமீட்டருக்குக் கீழே எல்லாம் மங்கல்தான், இரண்டு நார் முறுக்கிக்கொண்டு ஒன்றாக வளர்ந்தாலும் ஒரே கோடாகத்தான் தெரியும்.

---

காக்காப்பொன்:

கனசாவாவில் இரண்டு வருடம் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

ஏஎஃப்எம் பிறந்தது 1986. பின்னிக், குவேட், கெர்பர் மூவரும் எழுதிய கட்டுரை. மெல்லிய தகட்டின் முனையில் ஒரு ஊசி, அதைப் பரப்பின் மேல் வரி வரியாக ஓட்டி மேடு பள்ளம் படிப்பது, குருடர் விரலால் பிரெய்ல் படிப்பது போல. ஒளியும் வேண்டாம், எலக்ட்ரானும் வேண்டாம், அதனால் தண்ணீருக்குள்ளும் வேலை செய்யும். 1989-லேயே சாண்டா பார்பராவில் ஹான்ஸ்மா குழுவினர் ரத்தம் உறையும்போது உண்டாகும் ஃபைப்ரின் திரள்வதைத் திரவத்தில் பார்த்துவிட்டார்கள். உங்கள் நாருக்கு அது அக்கா முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். 1994-இல் திரவத்துக்குள் தட்டிப் பார்க்கும் முறை வந்தது, உரசாமல் மேலும் கீழுமாகத் தட்டிக்கொண்டே போவது.

அப்படியென்றால் மயோசின் நடப்பதைப் பார்க்க ஏன் 2010 வரை ஆனது? வேகம்தான். சாதாரணக் கருவி ஒரு படம் எடுக்க ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். அதற்குள் மயோசின் பல அடி வைத்து எங்கோ போயிருக்கும். தோஷியோ ஆண்டோ 1993-இல் இதைத் தொடங்கினார். அவர் தசைப் புரதங்களைப் படித்தவர், மயோசின் அசைவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் கருவி செய்ய இறங்கியவர். 2001-இல் 100-க்கு 100 புள்ளிப் படத்தை 80 மில்லிசெகண்டில் எடுத்துக் காட்டினார். புரதத்துக்குக் கேடு இல்லாமல் நம்பி வேலை செய்யும் அளவுக்குக் கருவி தேற 2008 ஆகிவிட்டது. பதினைந்து வருடம் ஒரே கருவியின் பின்னால் ஒருவர் நின்றிருக்கிறார்.

கணக்கைப் பாருங்கள். 80 மில்லிசெகண்டில் 10,000 புள்ளி. ஊசி ஒவ்வொரு வரியிலும் போய்த் திரும்பி வர வேண்டும், ஆக ஒரு புள்ளிக்கு 4 மைக்ரோசெகண்ட். அதற்குள் ஒரு முறையாவது தட்டியாக வேண்டும், கூடக் கிடைத்தால் நல்லது. சாதாரண மென்மையான கான்டிலீவர், அதாவது ஊசியைத் தாங்கும் தகடு, தண்ணீருக்குள் செகண்டுக்கு பத்து, முப்பது ஆயிரம் முறைதான் அதிரும், அதாவது ஒரு தட்டலுக்கே 30 மைக்ரோசெகண்டுக்கு மேல். பள்ளிக்கூடத்தில் மேசை ஓரத்தில் ஸ்கேலை வைத்துத் தட்டி விளையாடியிருப்பீர்கள். நீட்டி வைத்தால் தொப் தொப் என்று மெதுவாக ஆடும், உள்ளே இழுத்தால் விர்ரென்று அதிரும். ஆனால் உள்ளே இழுத்த ஸ்கேல் விறைப்பாகவும் ஆகிவிடுகிறது, விறைப்பான ஊசி புரதத்தைக் குத்திவிடும். வேகமும் வேண்டும், மென்மையும் வேண்டும். அதற்கு ஒரே வழி நீளம், அகலம், தடிமன் மூன்றையும் சேர்த்துச் சிறிதாக்குவது. அவர்கள் போய்ச் சேர்ந்த அளவு: நீளம் 6-7 மைக்ரான், அகலம் 2 மைக்ரான், தடிமன் 90 நானோமீட்டர். தண்ணீருக்குள் செகண்டுக்கு 12 லட்சம் அதிர்வு, அப்படியும் விறைப்பு மீட்டருக்கு 0.2 நியூட்டன் அளவுதான்.

கனசாவா தங்க ரேக்குக்குப் பேர் போன ஊர். ஜப்பானின் தங்க ரேக்கில் ஏறக்குறைய எல்லாமே அங்கேதான் அடிக்கிறார்கள். அந்த ரேக்கின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 100 நானோமீட்டர். ஏறத்தாழ இந்தக் கான்டிலீவரின் தடிமனேதான். பட்டறையில் மூங்கில் இடுக்கியால் ரேக்கை எடுத்து வைத்துவிட்டு, மூச்சால் லேசாக ஊதிச் சுருக்கம் எடுப்பதைப் பார்த்தபோது எனக்கு ஆய்வகத்தில் நான் பிடிக்கிற இடுக்கிதான் ஞாபகம் வந்தது.

கான்டிலீவர் மட்டும் வேகமானால் போதாது. அடியில் இருக்கும் மேடையும் அதே வேகத்தில் ஆட வேண்டும், ஆடினால் கருவி முழுக்க அதிரும். மின்னழுத்தம் கொடுத்தால் நீளும் பீசோ ஒன்று மேலே தள்ளும்போது அதற்கு நேர் எதிரே இன்னொரு பீசோ கீழே தள்ளும்படி வைத்து அந்த உதையைச் சமன் செய்தார்கள். அப்புறம் ஊசி ஒரு புரதத்தின் உச்சியைத் தாண்டிச் சரிவில் இறங்கும்போது பரப்பை விட்டு விலகி அந்தரத்தில் மிதக்கும், பாராசூட் என்றே அதைச் சொல்வார்கள். அந்த நேரத்தில் மட்டும், ஊசிக்கும் பரப்புக்கும் உள்ள இடைவெளியைத் திருத்திக்கொண்டே இருக்கும் பின்னூட்டத்தின் முடுக்கைத் தானே கூட்டிக்கொள்ளும் ஒரு சுற்றைச் செய்தார்கள். இது இருப்பதால்தான் மெல்லத் தட்டியும் வேகமாகப் போக முடிகிறது. எந்த ஒரு பாகம் மெதுவாக இருந்தாலும் மொத்தமும் அதன் வேகத்துக்கு வந்துவிடும்.

தட்டல் கலைத்துவிடாதா என்ற உங்கள் கேள்விக்கு அந்த மயோசின் வேலையிலேயே பதில் இருக்கிறது. மயோசின்-5, ஆக்டின் என்ற புரத இழையின் மேல் 36 நானோமீட்டர் அடி வைத்து நடக்கும். அதற்கு முன்பே, 2003-இல், இல்லினாய் குழு ஒரு காலில் மட்டும் ஒளிரும் சாயத்தைக் கட்டி, அந்தக் கால் ஒரு தடவைக்குச் சுமார் 74 நானோமீட்டர் நகர்வதைக் காட்டியிருந்தது. உடல் நகர்வதைப் போல இரண்டு பங்கு, ஆகவே கால் மாற்றிக் கால் வைக்கிறது என்பது முடிவு. விளக்கு நகர்ந்தது தெரிந்தது, கால் தெரியவில்லை. 2010-இல் கனசாவா படத்தில் கால் தெரிந்தது. பின் கால் கழன்றதும் முன் காலின் தண்டு தானாக முன்னால் சாய்வது, சில சமயம் கால் எழும்பி அதே இடத்தில் மறுபடி ஊன்றுவது எல்லாமே. அதோடு அவர்கள் நடை வேகத்தை அளந்தார்கள். ஊசியே இல்லாமல் ஒளிரும் சாயம் கொண்டு அளந்த வேகத்தோடு அது ஒத்துப்போனது. ஊசி கெடுத்திருந்தால் வேகம் மாறியிருக்கும். உங்கள் வேலையிலும் இதே மாதிரி ஒரு சோதனை இருந்தே ஆக வேண்டும்.

---

கருவிக்கூடம்:

கருவி மையத்தில் ஏஎஃப்எம் பார்த்துக்கொள்கிறவன். மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் தங்கச்சி, உங்களுக்கு அந்த வேகம் தேவையா என்று முதலில் பாருங்கள். மயோசின் அடி வைப்பது செகண்ட் கணக்கு. அமைலின் நார் நீளுவது நிமிடக் கணக்கு. பாசல் குழு 1999-இல் சாதாரண ஏஎஃப்எம்மை வைத்தே திரவத்துக்குள் அமைலின் நார் வளர்வதை நிமிட இடைவெளியில் படம் எடுத்திருக்கிறது. உங்கள் புரதமேதான். ஆகவே அந்தத் திரவக் கலப் பெட்டியை நாளைக்கே பிரியுங்கள்.

256 வரி, செகண்டுக்கு ஒரு வரி என்றால் ஒரு படத்துக்கு நாலேகால் நிமிடம். 128 வரி, செகண்டுக்கு 4 வரி என்றால் 32 செகண்ட். இது போதும்.

நான் செய்வது இப்படி. காக்காப்பொன்னை, அதாவது மைக்காவை, செல்லோடேப் ஒட்டி இழுத்து உரிக்க வேண்டும். டேப்பில் வட்டமாக முழு ஏடு வந்திருந்தால் சரி, பாதி பிய்ந்து வந்தால் மறுபடி உரியுங்கள். புதிதாக உரித்த மைக்கா எதிர்மின், அமைலின் நேர்மின், தானாக ஒட்டும். அதிகமாக ஒட்டினாலும் வளராது, அப்போது பஃபரில் (அமில-காரத் தன்மை மாறாமல் வைக்கும் கரைசலில்) உப்பைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். பழைய நாரை ஒலி அலையால் உடைக்கும் சோனிகேட்டரில் துண்டுபோட்டு விதையாக வைத்துக் கழுவிவிட்டு, பிறகு புதுப் புரதக் கரைசலை விடுங்கள். ஹெச்எஃப்ஐபி என்ற கரைப்பானில் கரைக்கிறீர்கள் என்றால் அதை முழுக்கப் போக்கிவிட்டுத்தான் விட வேண்டும், மிச்சம் இருந்தால் அதுவே திரளை வேகப்படுத்தும்.

சொட்டு விட்டதும் ஊசிக்கு அடியில் குமிழி மாட்டிக்கொள்ளும். கான்டிலீவரின் அசைவைப் படிக்கும் லேசர் சிக்னல் திடீரென்று விழுந்தால் குமிழிதான், வேறு எதையும் திருகாதீர்கள், கலத்தைக் கழற்றி மறுபடி நனையுங்கள். ஊசியிலும் முதலில் ஒரு சொட்டு வைத்துவிட்டு இறக்கினால் பாதித் தொல்லை குறையும். அடுத்தது, திரவத்தில் அதிர்வெண் தேடினால் ஒரு முகடு வராது, தாறுமாறாகப் பத்து முகடு வரும். பெரும்பாலானவை கலத்தின் அதிர்வு, கான்டிலீவருடையது இல்லை. கான்டிலீவர் வெப்பத்தால் தானாக அதிர்வதைக் காட்டும் வெப்ப அலைவு நிறமாலையை எடுத்து, அது எங்கே மேடு காட்டுகிறதோ அதற்குப் பக்கத்தில் உள்ள முகட்டைப் பிடியுங்கள். இது தெரியாமல் நான் ஒரு மாதம் வீணாக்கினேன், சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை.

வைத்தவுடன் படம் எடுக்காதீர்கள், ஒரு மணி நேரம் விடுங்கள், இல்லையென்றால் நகர்ந்துகொண்டே போகும். ஏசி காற்று நேரே படக்கூடாது. ஓரத்தில் ஈர டிஷ்யூ வையுங்கள், சொட்டு வற்றினால் உப்பு அடர்த்தி ஏறிவிடும். நாரின் அகலத்தை நம்பாதீர்கள், ஊசியின் பருமனும் அதில் சேர்ந்திருக்கும். உயரத்தை அளங்கள்.

---

நார்த்தேடி:

அண்ணா, காக்காப்பொன் சார், உறைபனி, மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எனக்கு இப்போது ஒரே ஒரு உறுத்தல். மைக்காவே நாரை வளர்த்துவிட்டால்? கணையத்தில் மைக்கா இல்லையே.

---

காக்காப்பொன்:

கேட்க வேண்டிய கேள்விதான் கேட்டிருக்கிறீர்கள். மைக்கா நிச்சயம் குறுக்கிடும், வளரும் திசையைக்கூட மைக்காவின் படிக வரிசை இழுக்கும். மூன்று செய்யலாம். குழாயில் தயோஃப்ளேவின் வைத்து அதே கரைசலின் வேகத்தை அளந்து ஒப்பிடுங்கள். மைக்கா மேல் கொழுப்பு இரட்டைப் படலம் விரித்து அதன் மேல் வளர விடுங்கள், கணையச் செல்லின் சவ்வுக்கு அது இன்னும் நெருக்கம். மூன்றாவது, எலி அமைலினை வாங்குங்கள். மனித அமைலினோடு கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் நடுவில் புரோலின் என்ற அமினோ அமிலம் மூன்று இருப்பதால் நாராகத் திரளாது. அதே மைக்கா, அதே விதை, அதே பஃபரில் எலி அமைலினை விட்டு, நார் நீளவில்லை என்றால், "மேலே ஏதோ அழுக்கு படிந்து நீளுவது போலத் தெரிகிறது" என்று யாரும் சொல்ல முடியாது.

---

உறைபனி:

இன்னொன்று. ஒரே மாதிரியான இரண்டு நாரை இரண்டு விதமாகப் பாருங்கள்: ஒன்றை முப்பது செகண்டுக்கு ஒரு தரம் தொடர்ந்து, பக்கத்து இடத்தில் உள்ளதைத் தொடக்கத்தில் ஒரு தரம், கடைசியில் ஒரு தரம் மட்டும். இரண்டும் ஒரே அளவு நீண்டிருந்தால் ஊசி குற்றவாளி இல்லை. நான் மதிப்பீட்டாளராக இருந்தால் முதலில் இதைத்தான் தேடுவேன்.

---

கருவிக்கூடம்:

ஆமாம், இதை விட்டுவிட்டேன். கட்டாயம் செய்யுங்கள். காக்காப்பொன் சொன்ன கொழுப்புப் படலத்தை மட்டும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள் என்பது என் கருத்து, வெறும் மைக்காவில் கை பழகாமல் அதில் இறங்கினால் எது தப்பு என்றே கண்டுபிடிக்க முடியாது.

---

காக்காப்பொன்:

வரிசையில் ஒத்துக்கொள்கிறேன், ஆனால் தீசிஸ் முடியும் முன் செய்தே ஆக வேண்டும் என்பதில் மாறமாட்டேன். சவ்வு இல்லாத அமைலின் கதை பாதிக் கதைதான்.

---

நார்த்தேடி:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். முதல் இரண்டு வாரம் குமிழி. மூன்றாம் வாரம் முகடு தேடியது. நாலாவது வாரம் வியாழக்கிழமை மாலை, ஏசியை அணைத்துவிட்டு, கதவில் "திறக்க வேண்டாம்" என்று எழுதி ஒட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

திரையின் இடது மூலையில் ஒரு குட்டை விதை. முதல் ஆறு படத்தில் ஒன்றும் இல்லை. ஏழாவதில் ஒரு முனை நீண்டிருந்தது. நகர்வினால் அப்படித் தெரிகிறதோ என்று பக்கத்தில் இருந்த அசையாத புள்ளியோடு வைத்து அளந்தேன், நகர்வு இல்லை, நிஜமாகவே நீண்டிருந்தது. அப்புறம் நின்றுவிட்டது. நாலு படத்துக்கு அப்படியே இருந்து மறுபடி நீண்டது. மறுமுனையும் வளர்ந்தது, ஆனால் மெதுவாக. டிஇஎம்மில் நூற்றுக்கணக்கான நார்களை எண்ணியிருக்கிறேன், நின்று நின்று வளர்கிறது என்பது ஒன்றில்கூடத் தெரிந்ததில்லை, தெரியவும் வழியில்லை. மணி ஒன்பதாகியும் எழுந்திருக்க மனசில்லை.

உறைபனி சொன்ன ஒப்பீட்டை இதுவரை மூன்று இடத்தில் செய்தேன். இரண்டில் நீளம் ஒத்துப்போகிறது, ஒன்றில் ஊசி தொடர்ந்து தட்டிய நார் குட்டையாக இருக்கிறது. அந்த மூன்றாவதில் செட்பாயிண்ட், அதாவது தட்டும்போது ஊசிக்கு விட்டுவைக்கும் அலைவின் அளவு, மற்ற இரண்டைவிடக் கீழே இருந்ததை நோட்டில் பார்த்தேன், அதாவது அழுத்தித் தட்டியிருக்கிறேன். அந்த நாள் தரவை எடுத்துவிடுவதா, அப்படியே வைத்து அழுத்தத்தின் விளைவு என்று காட்டுவதா?

---

கருவிக்கூடம்:

எடுக்காதீர்கள். அதே செட்பாயிண்டில் வேண்டுமென்றே இன்னும் இரண்டு தடவை செய்து, குட்டையாகிறது என்று உறுதிசெய்து, அதையும் தீசிஸில் போடுங்கள். எந்த அழுத்தம் வரை பாதுகாப்பு என்ற எல்லை உங்கள் கையில் இருக்கும். எலி அமைலின் வந்துவிட்டதா?

---

நார்த்தேடி:

திங்கட்கிழமை வருகிறது அண்ணா. மைக்கா இப்போதே உரித்துப் பழகிக்கொண்டிருக்கிறேன், பத்தில் எட்டு முழு ஏடாக வருகிறது.